திரை போட்ட பஸ்

ஜெயில்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள சுகி,

இதற்கு முன்னால் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டேன். ஒன்றில் வெறும் மன்னிப்பு. இன்னொன்றில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். இரண்டுமே பொய்யாகப் பட்டது. இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

அம்மா வாராவாரம் மனு போட்டுப் பார்க்க வருகிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டால் ‘கீறா’ என்பதோடு சரி. நீ வரமாட்டாய் என்று தெரியும். வரச் சொல்லி எழுதவில்லை.

நீ பஸ்ஸுக்குள் இருந்து என்ன பார்த்தாயோ எனக்குத் தெரியாது. நான் வெளியே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கம்பெனியில் பாக்கியராஜ் கையை பிரஸ் மெஷின் கடித்த மறுநாள், அவன் கட்டுப் போட்ட கையைத் தொட்டு எல்லோரும் சத்தியம் பண்ணினோம். மெஷினின் சென்சாரைச் சரி பண்ணாமல் ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது என்று. நீ மட்டும் தொடவில்லை. கூடப்பிறந்தவளே தொடவில்லையே என்று எனக்கு மானம் போயிற்று. அதிலிருந்து உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்குக் காலையில், கேட்டுக்கு வெளியே நாங்கள் ஸ்ட்ரைக்கில் உட்கார்ந்திருந்தபோது பஸ் வந்தது. ஜன்னல் எல்லாம் திரை. திரை போட்டு வந்தால் ஹாஸ்டலில் இருந்து வெளியூர் ஆட்களை ஏற்றி வருகிற பஸ் என்பது கேட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். நம்ம ஆட்கள் போகிற பஸ்ஸுக்கு எந்தக் காலத்தில் திரை போட்டார்கள்? ‘யாரும் கை வெக்காதீங்க, உக்காருங்க’ என்று யூனியன் செயலாளர் சடையப்பன் அண்ணன் மைக்கில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான்தான் எழுந்தேன். ஜல்லிக் கல். கண்ணாடி உடைந்ததும் சிலர் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் குரல் கேட்டது.

உள்ளே ஒரு வடக்கத்தி ஆளுக்குப் பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்கிறேன்.

எறிந்தது நான்தான் என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் போலீஸ் பிடித்தது. மற்றவர்கள் பார்க்கவில்லை என்கிறார்கள். கேஸ் உன் வாயில்தான் நிற்கிறது, நீயும் பார்க்கவில்லை என்றால் நான் வெளியே வந்துவிடலாம் என்று யூனியன் வக்கீல் சொல்கிறார். நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதினேன். ஜாமீனும் வேண்டாம் என்றுவிட்டேன். எந்த முகத்தோடு அந்த ஊட்டுக்குள் நுழைவேன்?

ஒன்று மட்டும் சொல். நீ ஏன் அந்தப் பஸ்ஸில் ஏறினாய்?

அண்ணன்
அன்புசெல்வன்

எளாவூர்
21 ஏப்ரல் 2025

அண்ணா,

உன் கடிதத்தில் என் கண் எப்படி இருக்கிறது என்ற கேள்வி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். டாக்டர் படிக்கக் கூடாது என்றிருக்கிறார். படித்தேன். இல்லை. வக்கீல் இருக்கிறார், சடையப்பன் அண்ணன் இருக்கிறார், உன் மானம் இருக்கிறது. வலது கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

ஏன் ஏறினேன்? பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முழுவதும் எழுதுகிறேன். நம் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற வார்டருக்கும் தெரியட்டும்.

லைனில் குவாலிட்டி பார்க்கிறவள் பையில் ஒரு சிவப்பு அட்டை இருக்கும். பீஸில் பிசிறு இருந்தால், அளவு தப்பினால், அதை மெஷினில் மாட்டலாம். மாட்டிவிட்டால் ஜி.எம்.மே வந்தாலும் சரி, நான் கழற்றும்வரை அந்த மெஷின் ஓடக் கூடாது. நம்மிடம் பீஸ் வாங்குகிற பெரிய கம்பெனி வைத்த சட்டம். ஆனால் பீஸ் கெட்டால்தான் மாட்டலாம். கை போனால் மாட்ட முடியாது. பாக்கியராஜ் அண்ணன் கை போன ஷிஃப்டில் வந்தது எல்லாம் நல்ல பீஸ்.

கை உள்ளே இருக்கும்போது பிரஸ்ஸை இறங்கவிடாமல் நிறுத்துவதுதான் சென்சார். வேலை தாமதமாகிறது என்று ஒரு துண்டு ஒயரை மாட்டி அதன் கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். நீங்கள் வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்ததும், அதே பிரஸ்ஸில் திலீப் என்கிற ஒடிசாக்காரரை நிறுத்தினார்கள். லேத் ஓட்டினவர். பிரஸ் தெரியாது. அந்த ஒயரைப் பற்றியும் தெரியாது. நீங்கள் சத்தியம் பண்ணியது பாக்கியராஜ் அண்ணன் கைக்காக. அந்தக் கை போய்விட்டது. நான் இனிமேல் போகப்போகிற கையை நினைத்தேன். உள்ளே போய் பீஸை எடுத்து, எப்படியாவது ஒரு பிசிறைக் கண்டுபிடித்து, அட்டையை மாட்டிவிடுவது. தேடினால் எந்த அச்சில் அடித்த பீஸிலும் ஒரு பிசிறு கிடைக்கும். ஒரு ஷிஃப்ட் நின்றால் கஸ்டமர் ஆள் வந்து பார்த்தே ஆக வேண்டும். என்னிடம் இருந்த அதிகாரம் அந்த ஒரு அட்டைதான்.

முந்தின நாள் சாயங்காலம் இதைச் சொல்லத்தான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, ‘ஸ்ட்ரைக்கு முடியிற வரைக்கும் எங்கிட்ட பேசாத’ என்றாய். 

பஸ்ஸில் திரையை விலக்கக் கூடாது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். கேட் வந்ததும் நான் விலக்கினேன். கூட்டத்தில் நீ எங்கே இருக்கிறாய் என்று பார்ப்பதற்கு. பார்த்துவிட்டேன். கையை ஓங்கிக்கொண்டிருந்தாய். வலித்திருக்காது என்று எழுதினாயே, அந்த வடக்கத்தி ஆள்தான் சட்டையைக் கழற்றி என் முகத்தில் அழுத்திப் பிடித்தார். அவர்தான் திலீப்.

எச்.ஆர். சந்திரமோகன் சார் ஹார்லிக்ஸோடு வந்தார். யூனியன் தூண்டிவிட்டுத்தான் எறிந்தான் என்று சொன்னால் பர்மனென்ட் ஆக்குகிறார்களாம். அவர் வைத்த பாட்டிலுக்குப் பக்கத்திலேயே சடையப்பன் அண்ணனும் ஒன்று வைத்தார். கம்பெனி ஏவின ஆள் எறிந்ததாகச் சொல்ல வேண்டுமாம். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தபோது என் பேச்சைக் கேட்க ஒருத்தரும் வரவில்லை. எதற்காக ஏறினேன் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. 

சுகிர்தா

ஜெயில்
4 மே 2025

சுகி,

கண் எப்படி இருக்கிறது? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், சிரிக்காதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். பக்கத்தில் படுத்திருந்தவன் ‘இன்னாபா, ஊட்ல சாவா?’ என்று கேட்டான். அப்படித்தான் என்றேன்.

நான் செய்ததற்குச் சாக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. உன்னிடம்தான் கேட்க முடியும். கல் எறிந்தது வன்முறை, சரி. பாக்கியராஜ் கை போன மறுநாள் கம்பெனி என்ன செய்தது? பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு சேவலைக் கொண்டுவந்து பிரஸ்ஸுக்கு முன்னால் அறுத்தார்கள். அவன் ரத்தத்தைத் துடைத்த இடத்திலேயே சேவல் ரத்தம். மெஷினுக்குப் பொட்டு வைத்து அடுத்த ஷிஃப்டுக்கு ஓட்டினார்கள். ஒயரைப் பிடுங்கிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதை மட்டும் செய்யவில்லை. அதற்கு என்ன செக்ஷன், யாரைக் கொண்டுவந்து இங்கே போட்டார்கள்?

பொறுமையாக இருந்திருக்கலாம் என்று நம் ஊர்ப் பாதிரியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். நம் அம்மா பொன்னேரிப் பக்கம் நடவுக்குப் போன காலத்தில் வரப்பிலேயே வைத்து நிலத்துக்காரனிடம் அறை வாங்கியிருக்கிறாள். திருப்பி அடித்ததில்லை. அதை யாராவது அகிம்சை என்றார்களா? அடங்கின பொம்பளை என்றார்கள். திருப்பி அடிக்க முடிந்தவன் அடிக்காமல் இருந்தால்தான் அதற்குப் பெரிய பேரெல்லாம் வைக்கிறார்கள். முடியாதவன் சும்மா இருந்தால் சும்மா இருக்கிறான், அவ்வளவுதான்.

இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே குழாயடியில் தினமும் அடிதடி. பழைய ஆள் புதுசா வந்தவனை அடிக்கிறான், அவன் தனக்கும் பிறகு வந்தவனை அடிக்கிறான். வார்டரை எவனும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பஸ்ஸுக்கு முன்னால் ஜி.எம். கார் அதே கேட் வழியாகத்தான் உள்ளே போயிற்று. நான் எழுந்து வழிவிட்டேன் சுகி. அப்போதும் அந்த ஜல்லி அங்கேதான் கிடந்தது. எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்து வந்த பஸ்ஸில் என்னைவிட இளைத்தவன் இருப்பான் என்று நினைத்ததும் தானாகக் குனிந்து கல்லை எடுத்தேன். இது எனக்குப் பெரிய அவமானமாக இருக்கிறது.

நீ பார்த்ததைச் சொல். பார்க்கவில்லை என்று சொன்னாலும் சரி. நான் எதுவும் கேட்கமாட்டேன்.

அன்பு

ஜெயில்
20 ஜூலை 2025

சுகி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அம்மாவும் மூன்று வாரமாக மனு போடவில்லை. ஒவ்வொரு முறை பேர் கூப்பிடும்போதும் எழுந்து போய் நின்று திரும்பி வருகிறேன். கோபம் என்றால் திட்டி எழுது. பேஜாரா இருக்குது. என்ன ஆயிற்று?

அன்பு

எளாவூர்
14 செப்டம்பர் 2025

அண்ணா,

ஜூலையில் என் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அதை விட்டு வைத்தால் நல்ல கண்ணும் கெட்டுப்போகும் என்றார்கள். அம்மா என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். சொன்னால் நீ உள்ளே ஏதாவது செய்துகொள்வாய் என்று பயம்.

அடி கீழே பார்த்துத்தான் விழுகிறது என்பது உனக்குப் புரிய ஜெயில் தேவைப்பட்டது. எனக்கு அந்த ஜன்னல் போதுமாக இருந்தது. நீ எழுதிய மற்றதை எல்லாம் யோசித்தேன். படுத்தே கிடந்தவளுக்கு வேறு என்ன வேலை? அம்மா அறை வாங்கிக்கொண்டு நின்றதை நானும் பெரிதாகச் சொல்லமாட்டேன். பயந்து சும்மா இருப்பதில் என்ன புண்ணியம்? நான் சும்மா இருக்கப் பஸ் ஏறவில்லையே. மெஷினை நிறுத்தத்தானே ஏறினேன். யார்மேலும் கை வைக்காமல், ஆனால் நிறுத்தியே ஆவது என்று. அதற்கு நீ எறிந்த கல்லைவிடக் கொஞ்சம் கூடுதல் தைரியம் வேண்டும் அண்ணா. அன்று காலையில் அந்த அட்டையைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி. திலீப்புக்கு நடந்துவிட்டது. போன மாதம், அதே பிரஸ்ஸில். வலது கை மணிக்கட்டுவரை இல்லை. என் முகத்தில் சட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்த கை. அவருக்குப் பந்தல் இல்லை, தொட்டுச் சத்தியம் பண்ண ஆள் இல்லை. நானும் பாக்கியராஜ் அண்ணனும் கேள்விப்பட்டு ஓடுவதற்குள் கட்டுப்போட்டு ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். மறுபடியும் பூசணிக்காய், மறுபடியும் சேவல். ஸ்ட்ரைக் ஜூனிலேயே கரைந்துபோயிற்று. இப்போது திரை போட்ட பஸ்ஸில் போகிறவர்கள் நம்ம ஆட்கள்தான்.

பாக்கியராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். இடது கையால் பித்தான் போட இன்னும் வரவில்லை. சட்டையைத் திறந்தே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘எங் கை போனது போதாதுன்னு உங் கண்ணு, அந்தாளு கை… எதுக்குமா இதெல்லாம்?’ என்றார்.

அந்த ஒயரைப் பற்றி எழுதி, எங்கெங்கே கொடுக்கச் சொன்னார்களோ அங்கெல்லாம் கொடுத்தேன். போன இடத்தில் எல்லாம் ஒரே பதில். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, அது முடியட்டும் என்கிறார்கள். அதனால் எனக்கு மிஞ்சியிருப்பது கோர்ட்தான். நவம்பரில் சாட்சி சொல்ல வேண்டும். அங்கே கண்டிப்பாக ஒருத்தர் என்னைக் கேட்பார், ஏனம்மா அந்தப் பஸ்ஸில் ஏறினாய் என்று. கேட்காமல் இந்தக் கேஸையே நடத்த முடியாது. கேட்டதும் அட்டையைச் சொல்வேன், ஒயரைச் சொல்வேன், பாக்கியராஜ் அண்ணன் கை, திலீப் கை, திரையை மூடச் சொன்னது யார் என்று எல்லாம் சொல்வேன். சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் சொல்வதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்ட ஒரே இடம் அது.

எல்லாம் சொன்னால் எறிந்தது நீ என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்தால் மற்றதை யாரும் நம்பமாட்டார்கள். உனக்குத் தண்டனை கிடைக்கும். அழுது தீர்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்த மெஷினில் இப்போது யார் நிற்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது அண்ணா. எனக்கு வேறு வழி இல்லை.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நான் பேசி முடிக்கும்வரை கூண்டில் தலையைக் குனியாமல் நில். 

சுகிர்தா

ஜெயில்
15 நவம்பர் 2025

என் தங்கமே,

திங்கட்கிழமை கோர்ட். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

நேற்று நம்ம வக்கீல் வந்தார். உன்னைக் குறுக்கு விசாரணை செய்யப்போவது அவர்தான். என்னென்ன கேட்பேன் என்று எனக்குச் சொல்லிக் காட்டினார். ஒடிசாக்காரன் பக்கத்தில் ஏன் உட்கார்ந்தாய், அவனுக்கும் உனக்கும் என்ன, ஸ்ட்ரைக்கின்போது உள்ளே போக எவ்வளவு வாங்கினாய். அடிபட்ட மயக்கத்தில் எதைப் பார்த்தாய் என்றும் கேட்பாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னைக் காப்பாற்றத்தான் சுகி, என்னைக் காப்பாற்ற உன்னை அந்த மாதிரி கேட்பாராம். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கக் கை வந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் போனபிறகு யோசித்தேன். என்னால் ஒரு கண் போயிற்று. இனி ஊரார் முன்னால் வேறு நீ அசிங்கப்பட வேண்டுமா? நான்தான் எறிந்தேன் என்று நானே ஒத்துக்கொண்டுவிட்டால் சாட்சியே தேவைப்படாதாம். நீ கூண்டேற வேண்டாம். அண்ணனைக் காட்டிக்கொடுத்தாள் என்று எவனும் உன்னை நாளைக்குச் சொல்ல முடியாது. வக்கீல் கத்துவார், கத்தட்டும். சடையப்பன் அண்ணனும் கைகழுவட்டும்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக யாரையும் அடிக்காமல், யாரையும் மிரட்டாமல் ஒரு காரியம் செய்கிறேன். வலியை நான் வாங்கிக்கொள்கிறேன். நீ சொன்ன தைரியம் இதுதானே? மனசு லேசாக இருக்கிறது. நீயும் இனி நிம்மதியாக இரு.

உன் அண்ணன்
அன்பு

எளாவூர்
21 நவம்பர் 2025

அண்ணா,

உன் கடிதம் இன்றைக்கு வந்தது. திங்கட்கிழமை என்ன நடந்தது என்று நீ ஜட்ஜுக்கு முன்னால் நின்று பார்த்தாய். வராந்தாவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பொன்னேரி கோர்ட்டில் அன்றைக்கு மழை. அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள் என்றாள். வேண்டாம், பார்க்கட்டும் என்றேன். ரயிலில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கே ஆரம்பிப்பது, நடுவில் நிறுத்தினால் எதை முதலில் சொல்வது என்று. அந்த வக்கீல் கேட்கப்போகிறதாக எழுதினாயே, அதையெல்லாம் நான் முன்னாலேயே யோசித்துவிட்டேன். திலீப் பக்கத்தில் ஏன் உட்கார்ந்தாய் என்று அவர் கேட்டால்தான் எனக்கு வசதி. அந்தக் கேள்வியிலிருந்தே பிரஸ்ஸுக்குப் போய்விடலாம். பையில் அந்த அட்டை இருந்தது. அதன் ஓரத்தில் அன்றைய ரத்தம் கறுத்துப்போய் ஒட்டியிருக்கிறது.

என் பேரைக் கூப்பிடவே இல்லை. மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்து, ‘நீ ஊட்டுக்குப் போம்மா, கேஸு முடிஞ்சிச்சு’ என்றார். நான் இன்னும் பேசவே இல்லையே சார் என்றேன். ‘அதான் உங்க அண்ணனே ஒத்துக்கினாரே. இன்னும் இன்னாத்துக்கு நீ பேசணும்?’ என்றார். நல்ல மனிதர். அம்மா அழுவதைப் பார்த்து டீ வாங்கிக் கொடுத்தார்.

உனக்கு மூன்று வருஷம். சந்திரமோகன் சார் படியிறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். சடையப்பன் அண்ணன் உன்னைத் தியாகி என்றார். கைகழுவுவார் என்றாயே, அவருக்கு உன்னைவிட நிம்மதி. இரண்டு பேரும் ஒரே கடையில் ஒதுங்கி மழை விடுவதற்காக நின்றார்கள். ஏன் ஏறினாய் என்று அந்தக் கட்டடத்தில் ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. கேஸ் முடியட்டும் என்று சொன்னவர்களிடம் மறுநாளே போனேன். அதான் கேஸ் முடிந்துவிட்டதே என்கிறார்கள்.

நீ கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபம். உன்னை வெறுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். நீ நல்லது என்று நினைத்துத்தான் அன்றைக்குக் கல்லை எடுத்தாய். நல்லது என்று நினைத்துத்தான் இப்போது தலையைக் கொடுத்தாய். திரைக்குப் பின்னால் இருக்கிறவள் எதற்காக வந்தாள், அவளுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு தடவையும் நீ கேட்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இந்த அடிதான் தாங்கவில்லை. போன தடவை கண்தான் போயிற்று. பேசி முடிக்கும்வரை நில் என்று கெஞ்சினேனே அண்ணா. அது ஒன்றுதானே கேட்டேன்?

அந்த பிரஸ் இன்றைக்கும் ஓடுகிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ரோட்டில் நிற்கும்போதே கேட்கிறது. இல்லை, எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

வருகிற செவ்வாய்க்கிழமை மனு போட்டு நான் வருகிறேன். அம்மா வரமாட்டாள். முதல் கடிதத்தில் கேட்டாயே, ஏன் அந்தப் பஸ்ஸில் ஏறினாய் என்று, அதையே கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்துக் கேள். என் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. தயாராக வா. கேட்டபிறகு நீ ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. நான் கோர்ட்டில் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கொடுக்கிற நேரத்துக்குள் முடியாது. வெளியே போகச் சொன்னால் போய்விட்டு, அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து சொல்வேன். அங்கே எழுதிக்கொள்ள யாரும் இல்லை. நீ மனப்பாடம் பண்ணிக்கொள்.

சுகிர்தா